கழுத்தில் மாட்டும் ஃபேன்: ஓர் ஆத்தங்குடி பட்டறைக்காரனின் ஒன்பது மாத அனுபவம்

பொருள்: கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி ஃபேன். விலை 1,349 ரூபாய். வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. இதற்கு முன்னால் 899 ரூபாய்க்கு வாங்கிய ஒன்று பத்தொன்பது நாளில் உயிரை விட்டது. அதைப் பற்றியும் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் போடவில்லை. பெட்டியில் இருக்கும் பெயரை என் பேரனாலேயே வாசிக்க முடியவில்லை. ஒரே சாமானைப் பத்துப் பெயரில் பத்து விலைக்கு விற்கிறார்கள். எந்தப் பெயர் என்பதைவிட எந்த மாதிரி வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

வாங்குவதற்கு முன்னால் மற்றவர்கள் எழுதியதையெல்லாம் மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். காலையில் ஓடப் போகிறவர்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள், கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியதை ஒருவரும் எழுதவில்லை. எனக்கு வயது 68. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்குப் போடுகிற பூக்கல் ஊற்றுகிற பட்டறை எங்களுடையது. புராஸ்டேட் கேன்சர், எலும்புக்குப் பரவி நான்காம் ஸ்டேஜ். அதற்குப் போடுகிற ஊசியால் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை உடம்பு உள்ளேயிருந்து பற்றி எரியும். அதற்காகத்தான் இந்த ஃபேன். என்னைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள், வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஓடப் போகிறவர்கள் வேறு விமர்சனம் பார்த்துக்கொள்ளலாம்.

2022 கார்த்திகையில்தான் விஷயம் தெரிந்தது. அதற்கு முன்னால் ஏழெட்டு மாதமாக இடுப்பு வலி. கல் தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எண்ணெய் தேய்த்துப் பார்த்தாயிற்று. ஓர் இடத்தில் வாய்வுப் பிடிப்பு என்று மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரியில் நாலைந்து தடவை ஒன்றுக்கு எழுந்ததை வயசுக் கணக்கில் எழுதிவிட்டேன். கடைசியில் மதுரையில் ரத்தம் பார்த்தபோது பி.எஸ்.ஏ., அதாவது இந்த நோயை ரத்தத்தில் காட்டிக்கொடுக்கிற அளவு, 286. சாதாரணமாக நாலுக்குள் இருக்க வேண்டியதாம். எலும்பு ஸ்கேன் படத்தைக் காட்டினார்கள். இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் அங்கங்கே கறுப்பு, அச்சில் ஊற்றும்போது கை நடுங்கிச் சாயம் சிந்தின மாதிரி. "முழுசா எடுத்துப் போட முடியாதுங்கய்யா. அடக்கி வைக்கலாம். அதுக்கு மருந்து இருக்கு" என்றார் டாக்டர். அடக்கி வைக்கலாம் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது.

ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும். சிகாகோவில் இருந்த சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் 1941-லேயே இதைக் காட்டிவிட்டார், 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது என்று மகன் தேடிப் படித்துச் சொன்னான். அந்தக் காலத்தில் விதையை எடுத்துவிடுவார்கள். இப்போதும் சிலருக்கு அப்படிச் செய்கிறார்கள். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு ஊசி. கூடவே தினமும் அபிராட்டிரோன் 250 மில்லிகிராம் நாலு மாத்திரை, அதோடு பிரெட்னிசோலோன். அபிராட்டிரோனை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. விடியக்காலை ஐந்து மணிக்கு விழுங்கிவிட்டு, ஆறு மணிக் காபிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது பி.எஸ்.ஏ. 0.4. நாலாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊசி சும்மா இருக்குமா? அது பிடுங்கிக்கொண்டது நிறைய. அந்த ஆசை போய்விட்டது, கை காலில் சதை குறைந்தது, வயிறு மட்டும் வளர்ந்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். இந்தச் சூட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. டாக்டர்கள் ஹாட் ஃப்ளஷ் என்கிறார்கள். ஹார்மோன் நின்றுபோனதும் தலைக்குள் இருக்கும் சூட்டுக் கட்டுப்பாடு குழம்பிவிடுமாம். சாதாரணச் சூட்டையே அதிகம் என்று நினைத்துக்கொண்டு வேர்க்க வைக்கும். முதலில் நெஞ்சுக்குழியில் ஒரு கதகதப்பு வரும். எட்டு எண்ணுவதற்குள் பால் பொங்குகிற மாதிரி கழுத்துக்கு ஏறி, காது மடல் சுட்டு, மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் ஊசி குத்தி வேர்வை கொட்டும். இரண்டு மூன்று நிமிஷம்தான். அப்புறம் நனைந்த சட்டையோடு குளிரில் பல் கிட்டும்.

முதல் தடவை காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், தெர்மாமீட்டர் வைத்தாள், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்தில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. "இது எனக்கு அம்பது வயசுல வந்ததுங்க. ரெண்டு வருஷம் இருந்துச்சு." எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. "அப்ப நான் என்ன செஞ்சேன்?" என்றேன். "என்ன செஞ்சீங்க? பட்டறையில இருந்து வந்து, ஏன் இன்னும் இலை போடலன்னு கேட்டீங்க."

அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்கள் வெயிலை அடக்கத் தெரிந்தவர்கள். செட்டியார் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பில் வெயில் கொளுத்தும். வளவுக்குள் கால் வைத்ததும் உள்ளங்காலில் இருந்து குளிர்ச்சி ஏறும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், நடுவில் திறந்த முற்றம், உயரமான கூரை, தரையில் எங்கள் ஊர்க் கல். சித்திரையிலும் அந்த வீட்டில் மின்விசிறி இல்லாமல் மத்தியானம் தூங்கலாம். நாற்பத்தைந்து வருஷமாக அந்தத் தரைக்குக் கல் ஊற்றிக் கொடுத்தவன் நான். வெளியே இருந்து வருகிற சூட்டுக்கு நம்மிடம் எல்லா வைத்தியமும் இருக்கிறது. உள்ளே இருந்து வந்தால் என்ன செய்வது? வெறும் தரையில் படுத்துப் பார்த்தேன். முதுகு குளிர்ந்தது, ஆனால் முதுகுத்தண்டு வலித்தது. பாய்க்குத் திரும்பிவிட்டேன்.

பனையோலை விசிறி நல்ல சாமான்தான். ஆனால் இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது விசிறுவது யார்? இங்கேதான் பட்டறைக் கதை வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் என் ஃபேன் எப்படி என்பதே இதில்தான் இருக்கிறது.

எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு பட்டறையை மகன் பார்த்துக்கொண்டான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். போன வருஷம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்று ஆர்டர் வந்தது. 640 கல். பழைய தரையில் உடைந்த இடங்களுக்கு மட்டும், அதே பூ, அதே நிறம். மாதிரிக்கு ஒரு உடைந்த கல்லைக் கொடுத்தார்கள். அந்த நீலம் இப்போது கடையில் வாங்குகிற சாயத்தில் வராது. எதை எதில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று எழுதி வைத்த நோட்டு ஒன்றும் கிடையாது, கைதான் நோட்டு. "நீங்கதான்பா ஊத்தணும்" என்றான் மகன். உட்கார்ந்தே ஊற்றலாம், தூக்குவது பையன்கள். சரி என்றேன்.

ஆத்தங்குடி கல்லைக் குனிந்துதான் ஊற்ற வேண்டும். கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைத்து, மேலே இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்க வேண்டும். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறத்தைக் கரண்டியால் விட வேண்டும், சிமெண்டும் சாயமும் மணலும் கரைத்த குழம்பு. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. உடனே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டு அமுக்கிச் சமப்படுத்த வேண்டும். அப்புறம் காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட வேண்டும். கண்ணாடி பட்ட பக்கம்தான் கல்லின் முகம். மெஷின் பாலிஷ் எதுவும் கிடையாது, கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். கீழ்ப்பக்கம் என்ன ஆகியிருக்கிறது என்பது கண்ணாடியை எடுக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் நாள் இருபது கல் ஊற்றினேன். அதில் இரண்டு தடவை சூடு வந்தது. எழுந்து போக முடியாது, சாயம் இறுகிவிடும். தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஊற்றினேன். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியை எடுத்தபோது பதினான்காவது கல்லில், நீல இதழின் நடுவில், மிளகு அளவுக்கு ஒரு வெளிறிய புள்ளி. மகன் மணலில் ஏதோ இருந்திருக்கும் என்றான். எனக்குத் தெரியும், அது என் மூக்கு நுனியில் இருந்து விழுந்தது. அந்தக் கல்லை ஆர்டரில் சேர்க்கவில்லை, என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

மறுநாள் பக்கத்தில் ஸ்டாண்ட் ஃபேன் வைத்தான். வைத்த ஐந்து நிமிஷத்தில் தூவின சிமெண்ட் எல்லாம் பறந்து மூன்று பேர் கண்ணில் விழுந்தது. பட்டறையில் காற்று ஆகாது. எனக்கோ காற்று வேண்டும், ஆனால் என் முகத்துக்கு மட்டும். இதைக் கேட்டுத்தான் மருமகள் போனில் இந்தச் சாமானைக் காட்டினாள்.

முதலில் வந்தது இறக்கை வெளியே தெரியாத மாதிரி. குதிரை லாடம் போல வளைந்து, மேல் விளிம்பு நெடுக ஓட்டை, அதன் வழியாகக் காற்று. பார்க்க அழகு. தலைமுடி மாட்டாது என்று போட்டிருந்தார்கள், என் தலைக்கு அந்தக் கவலையே இல்லை. பத்தொன்பதாம் நாள் ஒரு பக்கம் நின்றது. குலுக்கினால் உள்ளே மணல் சத்தம். சிமெண்ட் தூசியைப் பக்கவாட்டில் இருக்கிற சல்லடை வழியாக இழுத்து இழுத்து வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறது. திறந்து சுத்தம் செய்யலாம் என்றால் ஸ்க்ரூவே இல்லை, மொத்தமும் பசை போட்டு ஒட்டியது. விற்ற கடைக்கு எழுதினோம். ஏழு நாள்தான் மாற்றித் தருவோம் என்று பதில். தூசியில் வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திறக்க முடியாத ஒரு சாமானை நம் ஊரில் எதற்கு விற்க வேண்டும்? தூசி இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

இரண்டாவதாக வந்ததுதான் இப்போது இருப்பது. இரண்டு கை, நுனியில் ஆளுக்கு ஒரு சின்ன ஃபேன், கழுத்துக்குப் பின்னால் பேட்டரி. கையை எந்தப் பக்கமும் வளைக்கலாம். முன்மூடியை இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும், இறக்கையைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். இந்த ஒன்றுக்காகவே கூட 450 ரூபாய் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தட்டுகிறேன், ஒன்பது மாதமாக ஓடுகிறது. இரண்டு ஃபேனையும் மேல்நோக்கி, தாடையைப் பார்க்க வளைத்துவிட்டால் காற்று முகத்தோடு நின்றுவிடும். கீழே கல்லில் தூவின சிமெண்ட் அசையவில்லை. 640-ம் முடிந்தது. புள்ளி விழுந்த கல் அதற்கப்புறம் இல்லை.

சூட்டை இது தடுக்காது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வருவது வரும். நெஞ்சுக்குழியில் கதகதப்பு தொடங்கும்போதே பட்டனை இரண்டு தடவை அமுக்கிவிட்டால், ஏறி வருகிற சூடு கழுத்தோடு நின்ற மாதிரி இருக்கும். வேர்வை பாதி. முக்கியமாக, பிறகு வருகிற அந்த நடுக்கம் இல்லை, சட்டை நனையாததால். தாமதமாகப் போட்டால் பலன் குறைவு, நனைந்த பிறகு காற்றுப் பட்டால் இன்னும் குளிரும். பட்டன் பிடரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தடவித் தேடுவதற்குள் பால் பொங்கிவிடும். அதன் மேல் அரிசி அளவுக்கு எம்-சீல் ஒட்டி வைத்திருக்கிறேன், விரல் தானாகப் போய்விடும்.

பேட்டரி: பெட்டியில் 16 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. யாருக்கு என்று தெரியவில்லை. மெதுவான வேகத்தில் ஏழு மணி நேரம் வருகிறது, மூன்றாவது வேகத்தில் இரண்டே முக்கால். எனக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக முப்பது நாற்பது நிமிஷம்தான் தேவை, அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். ராத்திரி முழுக்கச் சார்ஜரில் விடாதீர்கள், கழுத்தில் மாட்டுகிற சாமான்.

சத்தம்: முதல் வேகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் வண்டு காதோரம் பறக்கிற மாதிரி. டிவியில் நியூஸ் கேட்காது. அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

எடை 260 கிராம், மகன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தான். கையில் லேசு. கழுத்தில் இரண்டு மணி நேரம் போனால் தெரியும். எனக்குக் கழுத்து எலும்பில் நோய் இல்லை, இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மாட்டினேன். கழுத்தெலும்பில் இருக்கிறவர்கள் கேட்காமல் மாட்டாதீர்கள். அன்றைக்கு அவர் ஃபேனைவிட்டு இன்னொன்றைத்தான் அழுத்திச் சொன்னார். முதுகில் புதிதாகக் கடும் வலி வந்தாலோ, கால் மரத்தாலோ, பலம் இழந்து இழுத்தாலோ, சிறுநீர், மலம் அடைத்தாலோ கட்டுப்படாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த மணியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினால் நேரம்தான் காலைக் காப்பாற்றும். காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், நான் மறந்தாலும் வீட்டில் ஒருத்தர் வாசிப்பார்கள்.

இனி யாரும் எழுதாத ஒரு விஷயம்: துண்டு. இந்த ஃபேனைச் செய்தவர்களுக்குத் தோளில் துண்டு போடுகிற மனுஷன் உலகத்தில் இருப்பதே தெரியாது. துண்டு மேலே கிடந்தால் காற்று அடைபடும். நுனி உள்ளே இழுபட்டுக் கர்ரென்று இறக்கையில் சிக்கும். துண்டை எடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஊசி போட்டதில் எனக்கு மார்பு கொஞ்சம் உப்பிவிட்டது. ஆண்களுக்கு இந்தச் சிகிச்சையில் அப்படி ஆவது உண்டு என்று முன்னாலேயே சொன்னார்கள்தான். துண்டு கிடந்தால் தெரியாது. அதனால் பட்டறைக்கு வெளியே போகிற போதெல்லாம் துண்டா, ஃபேனா என்று முதல் இரண்டு மாதம் எனக்குள் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் டெய்லரிடம் ஒரு சைஸ் பெரிதாக நாலு சட்டை தைக்கச் சொன்னேன், மார்பில் இரண்டு பக்கமும் பை வைத்து. ஒன்றில் மாத்திரை டப்பா, ஒன்றில் கண்ணாடிக் கூடு. துண்டை நாலாக மடித்து இடது தோளில் மட்டும். தளர்ந்த பருத்திச் சட்டை சூட்டுக்கும் நல்லதாகப் போயிற்று.

தேவகோட்டையில் தங்கை பேத்தி கல்யாணம். அதற்கு முந்தின வருஷம் இன்னொரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் எழுந்து வெளியே ஓடிக் காருக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்தவன் நான். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று பேச்சாகிவிட்டது. இந்தத் தடவை ஃபேனோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். தாலி கட்டும்போது ஒன்று வந்தது, மேளச் சத்தத்தில் மூன்றாவது வேகம் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பொடியன் வந்து, "ஐயா, பாட்டுக் கேக்குறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். இரண்டாம் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பாயசம் வந்த பிறகு குனிந்து, "எங்க வாங்குனீங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, இலையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் மூணு மாசத்துக்கு ஒரு ஊசிதான்" என்றார். அவ்வளவுதான் பேசினோம். இலையை மூடிவிட்டு எழுந்தார், நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வெயிலில் எப்படி என்று கேட்டால், சுமார். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இது அடிப்பது அனல் காற்று. ஏ.சி. என்று நினைத்து வாங்காதீர்கள், இருக்கிற காற்றைத்தான் நகர்த்தும். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து காலருக்குள் செருகிக்கொண்டு போட்டால் பரவாயில்லை. சிங்கப்பூரில் இருந்து வந்த மருமகப்பிள்ளை, பிடரியில் சில்லென்று ஒரு தகடு ஒட்டுகிற மாதிரி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். தொட்டதும் ஐஸ் வைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, எடையும் கூட. மதுரைக்கு ஊசி போடப் போகும்போது காரிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு மாட்டுவேன். மற்றபடி பீரோவில் இருக்கிறது.

ராத்திரிக்கு இது உதவாது. படுத்தால் கழுத்தில் குத்தும். இரண்டு மணிக்கு வருகிற சூட்டுக்குத் தலைமாட்டில் கழற்றி வைத்து, முகத்தைப் பார்க்கத் திருப்பிவிடுகிறேன். கை வளைகிற மாதிரி என்பதால் நிற்கிறது. பருத்தி விரிப்பு, பக்கத்தில் மாற்றுப் பனியன், ஒரு செம்புத் தண்ணீர். எழுந்து அலைகிற ராத்திரிகள் குறைந்திருக்கின்றன.

விடியக்காலை நடைக்குத்தான் இதை ரொம்பப் பாராட்டுவேன். ஊசி சதையைக் கரைக்கும், எலும்பை மெலிய வைக்கும், நடந்தால்தான் கொஞ்சமாவது தாங்கும் என்கிறார் டாக்டர். வேர்த்து நடுவழியில் நின்றுவிடுவோம் என்ற பயத்தில் முன்னெல்லாம் தெருமுனையோடு திரும்பிவிடுவேன். இப்போது கண்மாய்க்கரை வரைக்கும் போய் வருகிறேன், நாற்பது நிமிஷம். பங்குனி உத்திரம் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு குன்றக்குடி மலையும் ஏறினேன், நிறுத்தி நிறுத்தி. படியில் ஒரு காவடிக்காரர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன வேண்டுதல்ணே?" என்றார்.

சாமான் எப்படி இருந்தாலும் வாய்க்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு. கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்தால் எனக்குப் பத்து நிமிஷத்தில் சூடு வரும், மிளகு தூக்கலாகப் போட்ட கோழி என்றால் இரண்டு தடவை. ஆற வைத்த காபியை நான் மனுஷர் குடிக்கிற பானமாகவே மதித்ததில்லை, இப்போது குடிக்கிறேன். கோழியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இலைக்கு முன்னால் உட்காரும்போதே ஃபேனை மாட்டிக்கொள்கிறேன். இந்தச் சூட்டைக் குறைக்க மாத்திரைகளும் இருக்கின்றன. எனக்கு இப்போதே விழுங்குவது போதும் என்று சொல்லிவிட்டேன். ரொம்பக் கஷ்டப்படுகிறவர்கள் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

குறைகள் இன்னும் இரண்டு. வெள்ளை நிறம் ஒரு மாதத்தில் பழுப்பாகிவிட்டது. கழுத்தில் படுகிற ரப்பரில் வேர்வை தங்கி வேர்க்குரு வருகிறது. பழைய வேட்டித் துணியில் உறை தைத்துப் போட்டதும் சரியாயிற்று.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பட்டனுக்கு அரை, துண்டுக்கு அரை, பதினாறு மணி நேரப் பொய்க்கு அரை கழித்திருக்கிறேன். தூசியில் வேலை செய்கிறவர்கள் மூடி கழல்கிற மாதிரிதான் வாங்க வேண்டும், வேறு எது சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது. தலைமாட்டில் தேடினேன், மேஜையில் தேடினேன், ஃபேனைக் காணோம். அடுப்படியில் போய்ப் பார்த்தால், நாளைக்குப் பேரன் ஊருக்குப் போகிறான் என்று வீட்டுக்காரி வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருக்கிறாள், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு. கேட்டால் திரும்பிப் பார்க்காமலே, "அந்த விசிறி அங்கதான் கெடக்கு, எடுத்துக்குங்க" என்கிறாள். இன்னொன்று ஆர்டர் போடச் சொல்லியிருக்கிறேன். நீலம் இல்லையாம், வெள்ளைதான் இருக்கிறதாம்.